விட மனசில்லை

"வெள்ளிக்கிழமை வார்ஷிகம். ஏ.இ.ஓ. வர்றாரு. மேடையில வச்சு உங்களுக்குப் பொன்னாடை போத்துதோம் டீச்சர்," என்றார் சுவக்கீன்.

அவர் ஹெட்மாஸ்டர். வார்ஷிகம் என்று அவர் சொன்னது பள்ளிக்கூட ஆண்டு விழாவை. கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மேசையில் பாலில்லாத கட்டன் சாயா ஆறிக்கொண்டிருந்தது.

கமலாத்தாள் வாசலிலேயே நின்றாள்.

"பொன்னாடை எதுக்குங்க சார்? என்ற மாத்தல் மனு என்னாச்சுங்க?"

"மனு எங்க போயிரும்? மொதல்ல மரியாதை. எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டோம். வேண்டாம்னு சொல்லப்படாது."

சன்னலோரம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த புஷ்பமேரி டீச்சர் நிமிர்ந்து சிரித்தாள். "உங்களுக்குச் செய்யாம வேற யாருக்கு டீச்சர் செய்ய?"

கேரள மலையில் சின்னக்கானலுக்கு மேலே, தேயிலைக் காட்டின் ஓரத்தில் இருந்த அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. நாலு வகுப்பு. சுவக்கீன், புஷ்பமேரி, சிசிலி, கமலாத்தாள் என்று நாலு பேர். முதல் மூவரும் மலையிலேயே பிறந்தவர்கள். கமலாத்தாள் கீழே பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறைக்காரி.

அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. பெயர் தனபாக்கியம். மலைக் குளிரில் குழந்தைக்கு இளைப்பு வந்தது. இனி மேலே கொண்டுபோகாதே என்று பாலக்காட்டில் டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து குழந்தை கீழே வளர்ந்தது, கணவன் நஞ்சப்பனின் அண்ணன் வீட்டில். அண்ணன் அப்புசாமிக்கும் அவர் மனைவி பூவாத்தாளுக்கும் பிள்ளை இல்லை. தோட்டமும் கிணறும் அவர்கள் கையில் இருந்தன. நஞ்சப்பனும் அங்கேதான் இருந்தான்.

கிறிஸ்துமஸ் லீவில் போனபோது நஞ்சப்பன் சொன்னான்.

"அண்ணன் புள்ளையக் கேக்கறாங்க."

"கேட்டா?"

"சித்திரையில கோயல்ல வெச்சு மடி மாத்திச் சுவீகாரம் குடுத்தர்லாம்ங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ கீழ வந்து புள்ளைய வெச்சுக்கிட்டா யாரு கேக்கப் போறா? லீவுக்கு லீவு வர்றே. அண்ணிதான் மூக்குத் தொடைக்குது, சோறூட்டுது. எந்த வாயில நான் வேண்டாம்ங்கறது?"

"வேலைய வுட்டுப்போட்டு வந்தர்றேன்."

"வந்து? ரெண்டு பேரும் அண்ணன் சோத்தைத் திங்கோணும். தின்னுட்டு, புள்ளை மட்டும் எங்களுதுன்னா கேக்க நல்லா இருக்குமா?"

ஆகவே ஊர்ப்பக்கம் வேலை மாற்றம் வேண்டும். சித்திரைக்குள் வேண்டும். ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் செங்கோட்டையன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். சாந்தன்பாறையில் மாமனாரின் ஏலத்தோட்டத்தைப் பார்க்க மலைக்கு வர விரும்பினார். ஆளுக்கு ஆள் மாறிக்கொள்ளலாம். இரண்டு ஹெட்மாஸ்டர்களும் சம்மதிக்க வேண்டும். கல்வி அதிகாரியான ஏ.இ.ஓ. மேலே அனுப்ப வேண்டும். அந்த மலை சேர்ந்த இடுக்கி தனி ஜில்லாவாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜில்லா விட்டு ஜில்லா போனால் சீனியாரிட்டி போய்விடும். போகட்டும் என்று கமலாத்தாள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

செங்கோட்டையன் பக்கம் எல்லாம் முடிந்திருந்தது. சுவக்கீன் பக்கம் முடியவில்லை.

அவர் மறுக்கவில்லை. ஜனவரியில் கேட்டபோது, "உங்கள விட மனசில்லை டீச்சர்," என்றார். பிப்ரவரியில் கேட்டபோதும் அதையே சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை.

ஒன்றாம் வகுப்பு கமலாத்தாளுடையது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், தாயும் தகப்பனும் விடியலில் கொழுந்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் மூக்கொழுகலோடும் சில நாள் தூங்கும் தம்பியைத் தூக்கிக்கொண்டும் வரும். சிசிலிக்கு அந்த வாடை ஆகாது. புஷ்பமேரிக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணார் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அவள் போனதும் இரண்டாம் வகுப்பும் கமலாத்தாளிடம் வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்கு அமெரிக்க மாவில் கிண்டுகிற மஞ்சள் உப்புமாவை, சமையற்காரி வராத நாளில் கமலாத்தாள் கிண்டினாள். மாதக் கடைசியில் மேலே அனுப்புகிற கணக்குகளையும் அவளே எழுதினாள். சுவக்கீன் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். அவள் இல்லாதபோதும் புகழ்ந்தார்கள். புஷ்பமேரி வீட்டில் கேக் செய்தால் அவளுக்கு ஒரு துண்டு வரும். ஈஸ்டருக்கு சிசிலி ரவிக்கைத் துணி வாங்கிக் கொடுத்தாள். பாலக்காட்டிலிருந்து வேறொருத்தி வந்தால் இப்படி இருப்பாளா என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். இருக்கமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும். செங்கோட்டையன் நிச்சயம் இருக்கமாட்டார். அவர் ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்.

"சார், சித்திரைக்கு முன்னால ஆர்டர் வரோணுமுங்க. இல்லீன்னா புள்ளையக் குடுத்தர்வாங்க."

"யாருக்கு? பெரியப்பனுக்குத்தான? ரோட்டுல போறவனுக்கா குடுக்காவ? பிள்ளை எங்க போயிரும் டீச்சர்?"

"என்னைய அம்மான்னு கூப்பிடாதுங்க."

சுவக்கீன் சாயாவை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "இங்க இத்தன பிள்ளையளும் உங்களத் தேடுது. அத நெனச்சுப் பாருங்க."

*

அந்த வாரம் எஸ்டேட்டில் சம்பள நாள். லயங்களுக்குத் துணி விற்க முகம்மது குட்டி வந்திருந்தார். பாலக்காட்டுக் கடைத்தெருக்காரர். சம்பளத்துக்குச் சம்பளம் மூட்டையோடு மலையேறுவார். கமலாத்தாளின் வீட்டுக்கும் அவருக்கும் பழக்கம் உண்டு.

பள்ளிக்கூட வேலிக்கு வெளியே மூட்டையை இறக்கிவைத்து அவளைக் கூப்பிட்டார்.

"அம்முணி, செங்கோட்டையன் வாத்தியார் சொல்லிவிட்டாருங்க. மறையூர்ல ஒரு வாத்தியார் அவருகூட மாறிக்கத் தயாரா இருக்காராம். இந்த மாசம் வரைக்கும் பாப்பாராம். உங்க எட்மாஸ்டர் குடுக்கலீன்னா அவரோட மாறிக்குவாராம். கோவிச்சுக்க வேண்டாம்ன்னாரு."

"புள்ளையப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. நல்லா இருக்குது. பூவாத்தா இடுப்ப வுட்டு எறங்கறதில்ல." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்தார். "புள்ளைக்கு ஒரு பாவாடைத் துணி பாக்கறீங்களா? செகப்பு."

அவள் வாங்கினாள்.

வகுப்புக்குத் திரும்பும்போது பக்கத்து அறையில் சிசிலியின் குரல் கேட்டது. வார்ஷிகத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"மாலை போட்டதும் என்ன சொல்லணும்?"

"டீச்சர் போகாதீங்க!"

"சத்தமா. ஏ.இ.ஓ. சார் காதுல விழணும். இசக்கி, நீதான முன்னால நிக்கப்போற? நீ அழணும். எங்க, அழு பாப்போம். பல்லக் காட்டாத மூதி, அழச் சொன்னா சிரிக்கா."

பிள்ளைகள் சிரித்தன. சிசிலியும் சிரித்தாள்.

கமலாத்தாள் சுவரோரம் நின்று கேட்டாள். மரியாதை என்ன மரியாதை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மேடைக்கு முன்னால் லயமே திரண்டு, அவளை மாற்றாதே என்று கேட்கும். ஏ.இ.ஓ. மனுவைத் தள்ளிவிடுவார். சுவக்கீன் மறுத்ததாகவே இருக்காது.

அவள் உள்ளே போய்ச் சிசிலியிடம் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் சிசிலி அழுவாள். பாசத்தில் செய்தோம் என்பாள். அது உண்மையாகவும் இருக்கும்.

இரவெல்லாம் ஒன்றையே யோசித்தாள். இவர்களுக்குத் தன்னைப் பிடிக்காமல் போக வேண்டும்.

அவள் வருவதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஞானமுத்து என்று ஒரு வாத்தியார் இருந்தார். பிள்ளைகளைப் போட்டு அடிப்பார் என்று சொல்வார்கள். ஒரு நாள் லயம் திரண்டு வந்ததும், அடுத்த வாரமே அவரை மாற்றியதும் அவள் கேள்விப்பட்டவை. அடித்ததால்தான் மாற்றினார்கள் என்று அவள் சேர்த்துக்கொண்டாள்.

மற்ற மூவரும் அடித்தார்கள். அவள் மட்டும் அடித்ததில்லை. அதனால்தான் லயத்துக்குத் தன்மேல் பிரியம் என்று நினைத்திருந்தாள்.

*

புதன்கிழமை காலை இசக்கி வழக்கம்போல் பாதையில் காத்திருந்தாள். கொழுந்து எடுக்கும் பூமாரியின் மகள். ஒன்றாம் வகுப்பு. தினமும் பாதி வழி வந்து டீச்சரின் பையை வாங்கிக்கொள்வாள். பை தரையில் இடிக்கும். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருவாள்.

அன்று கமலாத்தாள் பையைக் கொடுக்கவில்லை. இசக்கி பின்னாலேயே ஓடிவந்தாள்.

வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்றன. உட்காரச் சொல்லிவிட்டு, சிசிலியின் அறைக்குப் போய் அவளுடைய பிரம்பை எடுத்துவந்தாள். அது காப்பிச் செடியின் குச்சி. பட்டை உரித்து வழுவழுவென்று இருந்தது.

யாரை என்று பார்த்தாள். யாரும் தப்பு எதுவும் செய்யவில்லை. சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தகப்பன் இல்லை. அவனுக்காக யாரும் திரண்டு வரமாட்டார்கள். ஒரு பெண்ணுக்குக் காது கேட்காது.

இசக்கி எழுந்து வந்தாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு டேலியாப் பூவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பூவிலிருந்து பனி வடிந்து மேசை நனைந்தது.

"எங்க லயத்து வாசல்ல பூத்துச்சு டீச்சர்."

"கைய நீட்டு."

இசக்கி நீட்டினாள். மிட்டாய்க்கு நீட்டுவதுபோல் நீட்டினாள்.

முதல் அடியில் அவள் அழவில்லை. அடித்தது டீச்சர்தானா என்று பார்த்தாள். இரண்டாவதில் கையை இழுத்துக்கொண்டாள். கமலாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து மேசைமேல் வைத்து அடித்தாள். குழந்தை கைவிரல்களை மூடிக்கொண்டது. மூடிய விரல்களின் மேல் அடித்தாள். மெல்ல அடித்தால் பயனில்லை. லயத்துக்குத் தெரிய வேண்டும், தழும்பு இருக்க வேண்டும், என்று ஒவ்வொரு அடிக்கும் நினைத்தாள். குச்சியின் கனமான பக்கம் சுண்டு விரலில் பட்டது. முருங்கைக்காய் ஒடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

அப்போதுதான் நிறுத்தினாள்.

வகுப்பு முழுக்க எழுந்து நின்றிருந்தது. இசக்கி தரையில் உட்கார்ந்து கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள். வாய் திறந்திருந்தது. சத்தம் பிறகுதான் வந்தது.

"பூவக் கொண்டாந்து மேசைய நனைப்பியா?" என்றாள் கமலாத்தாள். தன் குரல் நன்றாக இருப்பதாகப்பட்டது. வாத்தியார் குரல்.

அடுத்த அறையிலிருந்து சிசிலி ஓடிவந்தாள். குச்சியையும் குழந்தையையும் பார்த்தாள்.

"யப்பா," என்றாள். "நீங்களா டீச்சர்?"

"நான்தான்."

சிசிலி அருகில் வந்து தோளைத் தொட்டாள். "கடைசியில எங்க ஆளு ஆயிட்டீங்க," என்றாள். பிறகு குனிந்து இசக்கியைத் தூக்கிவிட்டாள். "என்னட்டி செஞ்ச? இந்த டீச்சரையே கை ஓங்க வச்சுட்டியே. போ, போய்த் தண்ணிக் குழாய்ல கையக் காட்டு."

*

அன்று சாயங்காலம் கமலாத்தாள் வீட்டுக்குப் போகவில்லை. சங்கு ஊதியது. கொழுந்துக்காரிகள் கூடையை இறக்கிவிட்டு லயத்துக்குப் போகிற நேரம். அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். வரட்டும் என்று இருந்தாள். திட்டட்டும், முடியைப் பிடிக்கட்டும். நாளைக்கே சுவக்கீன் மனுவில் கையெழுத்துப் போடுவார். விரலுக்கு என்ன என்று மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

வந்தார்கள். பாதையில் ஐந்தாறு பெண்கள். முன்னால் பூமாரி. தலையில் கட்டிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. இடுப்பில் இசக்கி. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் மூங்கில் சிம்பு வைத்து விரலைக் கட்டியிருந்தார்.

அலுவலக அறையிலிருந்து சுவக்கீனும் புஷ்பமேரியும் வெளியே வந்து நின்றார்கள்.

கமலாத்தாள் எழுந்தாள். "நான்தான் அடிச்சனுங்க," என்றாள். "தப்பு ஒண்ணும் பண்ணலைங்க அந்தப் புள்ளை. எனக்குக் கோவம் வந்துது, அடிச்சுப்போட்டேன். இனியும் அடிப்பேன்."

பூமாரி அவளைப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, "குடு," என்றாள். ஒருத்தி கோழியை நீட்டினாள். கால் கட்டிய கோழி.

"பிடிங்க டீச்சர்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டுக் கெடக்கோம். டீச்சர் நல்லவக, தங்கமானவக, ஒரே கொற, கையே ஓங்க மாட்டேங்காகளேன்னு. அடிக்காம எந்தப் பிள்ளைக்கு எழுத்து ஏறும்? நம்ம பிள்ளைன்னு நெனச்சாத்தான அடிக்கத் தோணும்? அடுத்தவன் பிள்ளைய யாரு அடிக்கா?"

"வெரலு," என்றாள் கமலாத்தாள்.

"சுண்டு வெரலுதான டீச்சர்." பூமாரி தன் கையை நீட்டிக் காட்டினாள். கறை பிடித்துக் கறுத்த கை. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிக் காட்டினாள். "கொழுந்து கிள்ள இந்த ரெண்டும் போதும். அது ஒண்ணுக்கும் வேணாம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "எம்மவனையும் அடிங்க டீச்சர்," என்றாள் ஒருத்தி. "சொன்ன சொல் கேக்க மாட்டேங்கான்." "ஏன், ஒம் புருசனையும் கூட்டிட்டு வா," என்றாள் இன்னொருத்தி. மறுபடியும் சிரிப்பு.

இசக்கி தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்தாள். பூமாரி அவளைக் குலுக்கினாள். "டீச்சருக்கு வணக்கம் சொல்லு." குழந்தை திரும்பவில்லை. "வெக்கப்படுதா இவ," என்றாள் பூமாரி.

கோழி கமலாத்தாளின் கையில் இருந்தது. எப்படி வாங்கினாள் என்று தெரியவில்லை.

அவர்கள் போனதும் கேட்டாள். "சார், ஞானமுத்து சார் அடிச்சதுக்குத்தானுங்க லயத்துல இருந்து வந்தாங்க?"

"அடிச்சதுக்கா?" சுவக்கீன் உரக்கச் சிரித்தார். "அந்தாள் பிள்ளையளுக்கு வந்த பால் பவுடரை சாயாக்கடையில வித்துட்டான். அதுக்கு வந்தாவ. அடிச்சதுக்கு யாரு வருவா?"

புஷ்பமேரி கோழியின் மாரை விரலால் அழுத்திப் பார்த்தாள். "நல்ல சதை. ஞாயித்துக்கிழமை கொண்டாங்க டீச்சர், வறுத்துருவோம்."

*

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் மேடை போட்டிருந்தது. எஸ்டேட்டிலிருந்து பெஞ்சும் தார்ப்பாயும் வந்திருந்தன. லயத்து ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏ.இ.ஓ. ஜீப்பில் வந்தார். மலையாளி. நல்ல மனுஷர். வந்ததும் பிள்ளைகளிடம் உப்புமா எப்படி என்று விசாரித்தார்.

கமலாத்தாள் காலையிலேயே அவரைத் தனியாகப் பார்க்க முயன்றாள். சுவக்கீன் கூடவே இருந்தார். "மேடையில பேசலாம் டீச்சர், மேடையில பேசலாம்," என்றார்.

பாட்டு முடிந்தது. சுவக்கீன் பேசினார். கமலாத்தாள் டீச்சர் இல்லை என்றால் இந்தப் பள்ளிக்கூடம் இல்லை என்றார். தன் சொந்தத் தங்கை இத்தனை செய்யமாட்டாள் என்றார். சொந்தப் பிள்ளையைக் கூடப் பிரிந்து இந்த ஏழைப் பிள்ளைகளுக்காக மலையில் கிடக்கிறார் என்றார். அந்த இடத்தில் புஷ்பமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உண்மையாகவே துடைத்தாள்.

பிறகு தொழிற்சங்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்து, டீச்சரை மாற்றக் கூடாது என்று லயத்து ஜனங்கள் சார்பில் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். கூட்டம் கை தட்டியது.

மாலையோடு இசக்கியை மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். கட்டுப்போட்ட கையில் மாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். கமலாத்தாள் குனிந்து கையை நீட்டினாள். கை உயர்ந்ததும் இசக்கி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். சிசிலி பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து மாலையைப் போடவைத்தாள்.

"டீச்சர் போகாதீங்க!" என்று பிள்ளைகள் கத்தின.

இசக்கி கத்தவில்லை. அழவேண்டிய இடத்தில் அழவும் இல்லை. அவள் பாவாடை நனைந்து கால் வழியே வழிந்தது. யாரோ அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சுவக்கீன் பொன்னாடையைப் போர்த்தினார்.

ஏ.இ.ஓ. ஒலிபெருக்கியைப் பிடித்தார். பாதி மலையாளம், பாதி தமிழ். "எத்தனையோ ஸ்கூல் ஞான் கண்டிருக்கு. இங்ஙனத்தெ ஒரு டீச்சரெக் கண்டிட்டில்ல. ஈ டீச்சரெ விட்டுக் கொடுத்தால் ஜனங்கள் என்னெ மன்னிக்குமோ? விடில்ல. நான் விட மாட்டேன்."

நீண்ட நேரம் கை தட்டினார்கள்.

"நன்றின்னு ரெண்டு வார்த்தை," என்று சுவக்கீன் அவள் காதில் சொன்னார்.

கமலாத்தாள் ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றாள். மாலையின் ஈரம் கழுத்தில் பட்டது. கூட்டம் அடங்கியது.

"எனக்கு ஒரு புள்ளை இருக்குதுங்க," என்றாள். "நாலு வயசு. நான் ஊருக்குப் போகலீன்னா சித்திரையில அதை வேறவங்களுக்குக் குடுத்தர்வாங்க. எனக்கு இந்த மரியாதை வேண்டாமுங்க. நான் நல்ல டீச்சர் இல்லீங்க. என்னைய வுட்ருங்க. உங்களையெல்லாம் கும்புட்டுக் கேக்கறேன், என்னைய வுட்ருங்க."

கை கூப்பினாள்.

ஏ.இ.ஓ. சுவக்கீனைப் பார்த்தார். சுவக்கீன் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து பூமாரி எழுந்து நின்றாள்.

"எங்க பிள்ளைக அம்புட்டும் ஒங்க பிள்ளைகதான் டீச்சர்!" என்று கத்தினாள்.

கைதட்டல் வெடித்தது. ஆண்கள் விசிலடித்தார்கள். பெண்கள் சிலர் அழுதார்கள். ஏ.இ.ஓ. எழுந்து நின்று கை தட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த சுவக்கீனிடம் சொன்னார்: "எந்தொரு ஸ்நேகம்! என்ன பாசம்!"

கமலாத்தாள் ஒலிபெருக்கியில் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கைதட்டலில் அது கேட்கவில்லை. அவள் வாய் அசைவதைப் பார்த்து, நன்றி சொல்கிறாள் என்று எல்லோரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

*

மாதக் கடைசியில் செங்கோட்டையன் மறையூர் வாத்தியாரோடு மாறிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் அடைத்ததும் கமலாத்தாள் உடுமலைப்பேட்டை வழியாக ஊருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட மூவரும் வந்திருந்தார்கள். சிசிலி ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். ஜூன் ஒன்றாம் தேதி வந்துவிட வேண்டும் என்று சுவக்கீன் இரண்டு தடவை சொன்னார். புதிதாகச் சேர நிறையப் பிள்ளைகள் இருக்கின்றன, எல்லோரும் அவள் வகுப்பைத்தான் கேட்கிறார்கள் என்றார்.

சித்திரையில் ஒரு வளர்பிறை நாளில் கோயிலுக்குப் போனார்கள். அப்புசாமி வேட்டி துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பூவாத்தாள், மடியில் வாழையிலை விரித்து. பெற்றவள் தன் கையால் தூக்கி அந்த மடியில் வைக்க வேண்டும். வேறு யார் வைத்தாலும் செல்லாது. நஞ்சப்பன் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றத் தயாராக நின்றான். அவன் கமலாத்தாளைப் பார்க்கவில்லை.

அவள் தனபாக்கியத்தைத் தூக்கினாள். போன தடவையைவிடக் கனத்திருந்தது. குழந்தை இரண்டு கையையும் நீட்டி, பூவாத்தாள் பக்கமாகவே சாய்ந்தது. கமலாத்தாள் அப்படியே நின்றாள்.

"வையிங்கம்மா," என்றார் பூசாரி. "நேரம் போகுது."

குழந்தை கால் உதைத்தது. அவள் பிடியை இறுக்கினாள். குழந்தை சிணுங்கியது.

"வை கமலா," என்றான் நஞ்சப்பன்.

வைத்தாள். தண்ணீர் ஊற்றினார்கள்.

பூவாத்தாள் அழுதாள். எழுந்து வந்து கமலாத்தாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உன்ற மனசு ஆருக்கும் வராது கண்ணு," என்றாள். "கோயில் கட்டிக் கும்புடோணும் உன்னைய." சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆமாம் என்றார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் தனபாக்கியம் பூவாத்தாளின் மடியில் இருந்தாள். ஈரப் பாவாடையை மாற்றியிருந்தார்கள். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எதிரே உட்கார்ந்திருந்த கமலாத்தாளைப் பார்த்தாள். பிறகு பூவாத்தாளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டாள்.

"அம்மா, டீச்சர் எப்பப் போவாங்க?"

பூவாத்தாள் கமலாத்தாளைப் பார்த்தாள்.

"லீவு முடிஞ்சதுமுங்க கண்ணு," என்றாள் கமலாத்தாள்.